மார்ச்சில் பிரேக், ஏப்ரலில் டயர், மே மாதம் கியர்: சாலைப் பந்தயங்களைப் பார்த்தபடி சைக்கிளை மேம்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ரோடு பைக் வாங்கி ஒரு வருடம் ஓட்டியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்து எதை மாத்தலாம்ணா?" என்பதுதான். கேட்கும்போதே பதிலையும் மனதில் வைத்திருப்பார்கள். ஜூலையில் டூர் டி பிரான்ஸ் பார்த்திருப்பார்கள். ஆழமான கார்பன் சக்கரங்கள் கடந்து போகும்போது எழும் அந்த ஹூங்காரம் காதைவிட்டுப் போயிருக்காது. நான் திருப்பிக் கேட்பது வேறு: "இப்ப இருக்கற டயர் எத்தனை மி.மீ.? காத்து எவ்வளவு வைக்கறீங்க?" பலருக்கு உடனே பதில் வராது.

தொழில்முறை வீரர்களின் சைக்கிள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. அந்த மாற்றங்களில் நமக்கு உண்மையாகவே பயன்படுபவை பெரும்பாலும் விலை குறைந்தவை: அகலமான டயர், குறைவான காற்று, ஏற்றத்துக்கு ஏற்ற சின்ன கியர், உடலோடு பொருந்தும் இருக்கை நிலை. விலை கூடியவை நமக்குத் தரும் பலன் கொஞ்சம்தான். இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், பந்தயங்களே காட்டும். ஒவ்வொரு பெரிய பந்தயமும் சைக்கிளின் ஏதாவது ஒரு பாகத்தைக் கசக்கிப் பிழிந்து சோதிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியைப் பந்தய நாட்காட்டியின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். அந்த மாதப் பந்தயத்தைப் பாருங்கள், அந்த மாத வேலையை உங்கள் சைக்கிளில் முடியுங்கள்.

பந்தயத்தைப் பார்க்கப் பழகுதல்

புதிதாகப் பார்க்க வருபவர்கள் நேராக டூர் டி பிரான்ஸில் குதிக்கிறார்கள். 21 கட்டங்கள், மூன்று வாரம், ஓர் அணிக்கு 8 பேர். நான்காம் நாளே யார் எவர் என்று குழம்பிப்போய் விட்டுவிடுவார்கள். ஒருநாள் பந்தயத்தில் தொடங்குங்கள். காலையில் கிளம்பி மாலையில் முடிந்துவிடும், முதலில் கோட்டைத் தொட்டவர் வென்றார், அவ்வளவுதான். இவற்றில் ஐந்து பந்தயங்களை 'மான்யுமென்ட்' என்று தனியாக மதிக்கிறார்கள்: மார்ச்சில் மிலான்–சான் ரெமோ, ஏப்ரலில் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ், அக்டோபரில் லொம்பார்தியா. லியேஜ் 1892இல் தொடங்கியது, ஐந்திலும் மூத்தது. நடுவில் மூன்று வாரப் பந்தயங்கள் மூன்று: மே மாதம் இத்தாலியின் ஜீரோ (Giro d'Italia), ஜூலையில் டூர், ஆகஸ்ட்–செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டா.

நேரம் நமக்குச் சாதகம். ஐரோப்பாவில் மாலை 5 மணி என்றால் கோடையில் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 8.30. வேலை முடிந்து, குளித்து, சாப்பாட்டுத் தட்டோடு கடைசி ஒரு மணி நேரத்தைப் பார்க்கலாம். மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அதற்கு முந்தைய பந்தயங்கள் நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி முடியும்.

திரையில் எதைக் கவனிப்பது? முதலில் காற்றை. சமதளத்தில் வேகமாகப் போகும் வீரர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. முன்னால் போகும் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். பெலோட்டான் என்கிற அந்தப் பெருங்கூட்டம் ஒன்றாக நகர்வதும், தலைவரை நடுவில் பொத்தி வைத்து உதவி வீரர்கள் முன்னால் உழைப்பதும், தனியாக ஓடிப் போனவர்களைக் கடைசி 10 கி.மீ.யில் கூட்டம் விழுங்குவதும் இதனால்தான். பக்கக்காற்று அடிக்கும் நாளில் வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்ந்த வரிசையாகப் பிரிவார்கள். அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர் அன்றே பந்தயத்தை இழக்கக்கூடும்.

அப்புறம் சட்டைகள். டூரில் மஞ்சள் மொத்த நேரத்தில் முதலிடம், பச்சை புள்ளிகளுக்கு, சிவப்புப் புள்ளி போட்டது மலை ஏறுபவருக்கு, வெள்ளை இளம் வீரருக்கு. 2024இல் எரித்ரியாவின் பினியம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையோடு வீடு திரும்பினார். டூரில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். பெண்கள் பந்தயத்தையும் விடாதீர்கள். 2024 டூர் டி பிரான்ஸ் ஃபாமில் கடைசி நாள் ஆல்ப் துயேஸ் மலை உச்சியில் காஷா நியவியாதோமா மொத்தப் பந்தயத்தையும் 4 விநாடியில் வென்றார். எட்டுக் கட்டங்கள் ஓட்டியதற்கு வித்தியாசம் நான்கே விநாடி. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி: சைக்கிளின் ஜாதகத்தை எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டில் உங்கள் சைக்கிளின் விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். பாகங்களுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்.

எழுத வேண்டியவை: பிரேக், சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் வகையா, சக்கரத்தின் நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் வகையா. டிஸ்க் என்றால் கேபிளா ஹைட்ராலிக்கா. அச்சு எந்த வகை: பழைய குவிக் ரிலீஸ் என்றால் பின்சக்கர அகலம் பொதுவாக 130 மி.மீ., டிஸ்க் பைக்கின் த்ரூ ஆக்ஸில் என்றால் 142 மி.மீ. பின்னால் எத்தனை ஸ்பீடு, அதாவது எத்தனை பல்சக்கரங்கள். கேசட்டின் (பின்சக்கரத்தில் உள்ள அந்தப் பல்சக்கர அடுக்கு) சின்னப் பல், பெரிய பல் எண்கள். முன் செயின்ரிங்குகளின் (பெடல் பக்கத்துப் பல்சக்கரங்கள்) எண்கள். பின் டிரெய்லரின் (derailleur, செயினை ஒரு பல்லில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) மாடல் எண், உள்பக்கம் அச்சிட்டிருக்கும். கேசட் உட்காரும் ஃப்ரீஹப் எந்த வகை. பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் நீளம் (கையின் உள்பக்கம் 170, 172.5 என்று இருக்கும்). சீட்டின் இப்போதைய உயரம்.

டயருக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் அளந்து எழுதுங்கள். காற்று நிரப்பிய நிலையில் டயருக்கும் ஃபோர்க்குக்கும், ஃபிரேமின் பின்கால்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ.யாவது இருக்க வேண்டும்.

இந்த நோட்டு இல்லாததால் நான் பணத்தை இழந்திருக்கிறேன். பழைய சக்கர ஜோடி ஒன்று நல்ல விலைக்கு வந்தது. படத்தைப் பார்த்தேன், ஆசை வந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும்தான் தெரிந்தது, பின்சக்கரம் 130 மி.மீ. குவிக் ரிலீஸ், என் ஃபிரேம் 142. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து அளந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

மார்ச்: சான் ரெமோவும் பிரேக்கும்

மிலான்–சான் ரெமோ 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆறு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது, கடைசி அரை மணி நேரத்தில் எல்லாம் நடக்கும். முதலில் சிப்ரெஸ்ஸா, பிறகு போஜியோ என்ற சின்ன மேடு. போஜியோவின் உச்சியில் இருந்து கடற்கரை ஊருக்குள் இறங்கும் வளைவுகளில்தான் பலமுறை வெற்றி தீர்மானமாகியிருக்கிறது. 2022இல் மதேய் மொஹோரிச், மலைச் சைக்கிள்களில் பயன்படும் ஏறி இறங்கும் சீட் போஸ்ட்டைத் தன் ரோடு பைக்கில் பொருத்திக்கொண்டு வந்தார். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, உடலின் எடையைக் கீழே கொண்டுவந்து, எல்லோரையும் விட்டுப் பிரிந்து வென்றார். வேகமாகப் போக நினைப்பவருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும் என்பதை அந்த இறக்கத்தைப் போல வேறெதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை.

அதனால் முதல் செலவு பிரேக் கட்டைக்கு. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றி பேடைப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் இருக்கும் பொருள் அரை மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் அதோடு ஓட்டவே கூடாது. 1 மி.மீ. இருக்கும்போதே நான் மாற்றிவிடுவேன். ரிம் பிரேக் என்றால் ரப்பரில் உள்ள கோடுகள் மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். ரப்பருக்குள் குத்தி நிற்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் கிளறி எடுங்கள், இல்லாவிட்டால் அவை ரிம்மை அறுத்துக்கொண்டே இருக்கும்.

புது டிஸ்க் பேடைப் போட்டதும் போக்குவரத்து இல்லாத சாலையில் 25 கி.மீ. வேகத்துக்குப் போய், முழுதாக நிற்காமல் நடைவேகத்துக்குக் குறைப்பதை ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை செய்யுங்கள். அப்போதுதான் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். டிஸ்க்கைக் கையால் தொடாதீர்கள், செயின் எண்ணெய் ஸ்ப்ரேயை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஹைட்ராலிக் திரவத்திலும் கவனம் வேண்டும். ஷிமானோ மினரல் ஆயிலில் ஓடும், ஸ்ராமின் ரோடு பிரேக்குகள் டாட் திரவத்தில் ஓடும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுப்போகும்.

ஏப்ரல்: ரூபேயும் டயரும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் அது இந்த மாத வேலையாக இருக்கட்டும்.

பாரிஸ்–ரூபே 1896இல் தொடங்கியது. சுமார் 260 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 55 கி.மீ. கல் பாவிய பாதை. வண்டிமாடு போன காலத்துக் கற்கள், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். முதல் உலகப் போர் அந்த வட பிரான்ஸ் நிலத்தைச் சிதைத்த பிறகு 1919இல் பாதையைப் பார்க்கப் போன பத்திரிகையாளர்கள் அதை 'வடக்கின் நரகம்' என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வென்றவருக்குப் பரிசு ஒரு பாதைக்கல். மத்தியூ வான் டெர் பூல் 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து அந்தக் கல்லைத் தூக்கினார். 2025இல், டூரைப் பலமுறை வென்ற ததேய் போகச்சார் முதல்முறையாக அங்கே வந்து, கீழே விழுந்து, எழுந்து இரண்டாம் இடம் பிடித்தார்.

இந்தப் பந்தயத்தில் டயரைப் பாருங்கள். ஒரு காலத்தில் கற்களுக்கே 25 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் டயர் போட்டார்கள். இன்று 32 மி.மீ.யும் அதற்கு மேலும் சாதாரணம். டூரின் வழுவழுப்பான சாலைகளிலும் 23 மி.மீ. டயர் மறைந்து, 28, 30 வந்துவிட்டது.

காரணம் எளிமையானது. பழைய நம்பிக்கை: டயர் ஒல்லியாகவும் கல் மாதிரியும் இருந்தால் வேகம். ஆய்வுக்கூடத்தின் வழுவழுப்பான உருளையில் அது உண்மைதான். சாலை உருளை அல்ல. சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பிலும் கடினமான டயர் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது. முன்னால் போக வேண்டிய சக்தி மேலும் கீழுமாகக் குலுங்கி, தசையில் சூடாகி வீணாகிறது. காற்று குறைந்த அகலமான டயர் அந்தச் சொரசொரப்பைத் தானே அமுங்கி விழுங்கிக்கொள்ளும், சைக்கிள் நேராகப் போகும். ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கே இது பொருந்துகிறது என்றால், ஒட்டுப்போட்ட தார்ச்சாலையிலும் அளவில்லாத வேகத்தடைகளிலும் ஓட்டும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். ரூபே நமக்குத் தூரத்துப் பந்தயம் இல்லை.

இனி செய்முறை.

பிப்ரவரியில் அளந்த இடைவெளியை எடுங்கள். இடம் அனுமதிக்கும் அளவுக்கு அகலமான டயரைத் தேர்ந்தெடுங்கள். ரிம் பிரேக் பைக்கில் பெரும்பாலும் 25 அல்லது 28 தான் நுழையும், டிஸ்க் பைக்கில் 30, 32 வரை போகலாம். டயரில் எழுதிய அளவும் உண்மை அளவும் ஒன்றல்ல. உள்ளகலம் கூடிய ரிம்மில் 28 மி.மீ. டயர் 29, 30 கூடக் காட்டும்.

டயரின் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். புது சைக்கிளோடு வரும் டயர் பெரும்பாலும் கனமான, விறைப்பான ரகம். கான்டினென்டல் கிராண்ட் பிரீ 5000, விட்டோரியா கோர்சா போன்ற டயர்கள்தான் பந்தயக்காரர்கள் ஓட்டும் அதே குடும்பம். நாம் பணம் கொடுத்து அப்படியே வாங்கக்கூடிய மிகச் சில பந்தயப் பொருள்களில் டயர் ஒன்று. ஒரு ஜோடியின் விலை கார்பன் சக்கரத்தின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

ட்யூபா ட்யூப்லெஸ்ஸா? பந்தயத்தில் ட்யூப்லெஸ் வந்துவிட்டது. நமக்கு அது கட்டாயமில்லை. சாலையோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும் பகுதியில் தினமும் ஓட்டுபவர் என்றால் ட்யூப்லெஸ் நிம்மதி தரும், சின்ன ஓட்டையை உள்ளே இருக்கும் சீலன்ட் தானே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் உலர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நல்ல டயரும் ட்யூபும் போட்டாலே போதும். டி.பி.யூ. என்ற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் 40 கிராம்தான் இருக்கும், சாதாரண பியூட்டைல் ரப்பர் ட்யூப் 100 கிராம். ரிம் பிரேக் பைக்கில் போடுவதாக இருந்தால், தயாரித்தவர்கள் அதற்கு அனுமதித்திருக்கிறார்களா என்று அட்டையைப் படியுங்கள். நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறும்.

மாட்டும்போது ட்யூபில் லேசாக பவுடர் தடவி, உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று ஊதி உள்ளே வையுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். நெம்புகோல் போட்டால் ட்யூப் நசுங்கும். முழுக் காற்று வைப்பதற்கு முன் சுற்றிலும் டயரை விலக்கி, ட்யூப் எங்கேயாவது ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

காற்று எவ்வளவு? 65–70 கிலோ எடையுள்ளவருக்கு நான் சொல்லும் தொடக்க எண்கள்: 25 மி.மீ.க்கு முன்னால் 80, பின்னால் 85 பி.எஸ்.ஐ. 28க்கு 65, 70. 30க்கு 58, 62. 32க்கு 50, 55. பத்து கிலோ எடை கூடினால் ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். ரிம் கொக்கியில்லாத ஹுக்லெஸ் வகையா என்று கட்டாயம் பாருங்கள். அதில் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ.தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் டயர் கழன்று ஆபத்தாக முடியும். அளவுமானி உள்ள நல்ல ஃப்ளோர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு சோதனை. தினமும் போகும் சாலையில் 5 கி.மீ. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரி உழைப்பில் ஓட்டுங்கள். அடுத்த முறை 5 பி.எஸ்.ஐ. குறையுங்கள். திருப்பத்தில் டயர் நெளிவது போலத் தோன்றினாலோ, பள்ளத்தில் ரிம் தரையைத் தட்டினாலோ கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். 23 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. வைத்துப் பல வருடம் ஓட்டியவன் நான். 28க்கு மாறிய முதல் ஞாயிறு, 100 கி.மீ. முடித்து வந்து கை மரத்துப்போகாமல் காபி டம்ளரைப் பிடித்தபோது, இத்தனை நாள் எதற்காக அந்த வேதனைப்பட்டேன் என்று வருத்தமாகவே இருந்தது.

மே: ஜீரோவும் கியரும்

இத்தாலியின் மலைகள் செங்குத்தானவை. ஸொன்கோலான் 10 கி.மீ.யும் சராசரியாக 12 சதவீத ஏற்றம். 1990களில் வீரர்கள் முன்னால் 39 பல், பின்னால் 23 அல்லது 25 பல் போட்டுக்கொண்டு இப்படிப்பட்ட மலைகளில் எழுந்து நின்று அல்லாடினார்கள். இன்று அதே உயரத்துக்கு வருபவர்கள் பின்னால் 34 பல் வரை வைத்து, உட்கார்ந்தபடியே காலைச் சுழற்றுகிறார்கள். அவர்களைவிடப் பாதி பலமுள்ள நாம் 28 பல் கேசட்டோடு மலை ஏறுவது சரியா? கியர் சின்னதாக இருந்தால் மானக்குறைவு என்ற எண்ணம் நம் குழுக்களில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். முன் 34, பின் 28 என்றால் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கும்போது வேகம் சுமார் 10.8 கி.மீ. ஏற்றம் கூடி, உங்கள் பலத்துக்கு 9 கி.மீ. வேகம்தான் முடியும் என்றால் சுற்று 58க்கு இறங்கிவிடும். முழங்கால் அழத் தொடங்குவது அங்கேதான். பின்னால் 34 பல் இருந்தால் அதே 9 கி.மீ. வேகத்தில் சுற்று 70 ஆகவே இருக்கும். புகழ்பெற்ற ஆல்ப் துயேஸில் கொண்டை ஊசி வளைவுகள் 21. நம் கொல்லிமலையில் 70. அங்கே போக ஆசைப்படும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேசட்டைத்தான் மாற்றச் சொல்வேன்.

மாற்றும் முன் பின் டிரெய்லரின் மாடல் எண்ணைப் பாருங்கள். அது எத்தனை பல் வரை தாங்கும் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். உதாரணமாக ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கூண்டு (கப்பிகளைத் தாங்கும் கீழ்ப்பகுதி) உள்ளது 30 பல் வரை, நீளக் கூண்டு உள்ளது 34 வரை. குட்டைக் கூண்டு என்றால் டிரெய்லரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு வருத்தப்படத் தேவையில்லை.

பெரிய கேசட் போட்டால் செயின் நீளமும் கூட வேண்டும். டிரெய்லருக்குள் நுழைக்காமல், முன் பெரிய செயின்ரிங்கையும் பின் பெரிய பல்லையும் நேராகச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டுவது வழக்கம். செயின் குட்டையாக இருந்து, தெரியாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லரே முறிந்துபோகும். அப்புறம் பி-டென்ஷன் திருகைச் சரிசெய்து, மேல் கப்பிக்கும் பெரிய பல்லுக்கும் இடைவெளியைக் கையேடு சொல்லும் அளவுக்கு வையுங்கள். கேசட்டின் பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். பயப்பட வேண்டாம், அது நல்ல இறுக்கம்தான்.

ஜூலை: டூரும் உட்காரும் விதமும்

1989 டூரின் கடைசி நாள். வெர்சாய்யில் இருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயம். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். கிரெக் லெமாண்ட் ஹேண்டில்பாரில் முன்னால் நீண்ட ஒரு பிடியைப் பொருத்தி, கைகளைச் சேர்த்துக் குனிந்து ஓட்டினார். ஃபின்யோன் தலைக்கவசம்கூட இல்லாமல், குதிரைவால் முடி காற்றில் பறக்க ஓட்டினார். லெமாண்ட் மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியில் வென்றார். டூர் வரலாற்றிலேயே மிகச் சின்ன வித்தியாசம் அது.

அந்த நாள் காட்டியது, காற்றின் எதிரே பெரிய பொருள் சைக்கிள் இல்லை, ஓட்டுபவரின் உடல் என்பதை. வேகம் பத்து சதவீதம் கூட வேண்டுமென்றால் காற்றை வெல்லும் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும். ஆகவே ஆழமான சக்கரத்துக்கு முன் உங்கள் நிலையைச் சரிசெய்யுங்கள்.

சீட் உயரத்தில் தொடங்குங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடிப் புத்தகத்தை மேலே இறுக்கி வைத்து, தரையில் இருந்து அதன் உயரத்தை அளக்கவும். அதை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. கிராங்க் அச்சின் மையத்தில் இருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த உயரம் இருக்கட்டும். லெமாண்ட் பரப்பிய சூத்திரம்தான் இது. தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் உயரம் போதவில்லை. ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றியபின் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு கிராங்க். போகச்சார் 165 மி.மீ. கிராங்குக்கு மாறியது பந்தய உலகம் முழுதும் பேசப்பட்டது. இது நம்மில் பலருக்கு நேரடியாகப் பொருந்தும். நம் ஊரில் 165 செ.மீ. உயரமுள்ளவருக்கும் கடையில் கிடைக்கும் சைக்கிளில் 170 அல்லது 172.5 கிராங்க்தான் இருக்கும். நீளக் கிராங்க், குனியும்போது தொடையை வயிற்றில் இடிக்க வைக்கும். குட்டைக் கிராங்க் அந்த இடத்தைத் திறந்துவிடும். 5 மி.மீ. குறைத்தால் சீட்டை 5 மி.மீ. உயர்த்த மறக்காதீர்கள்.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். பெரும்பாலானவற்றில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். கார்பன் ஃபோர்க் தண்டை அளவு மீறி இறுக்கினால் வெளியே தெரியாத விரிசல் விழும், அது ஒரு நாள் இறக்கத்தில் உடையும். இந்த ஒரு கருவி எனக்குத் தந்த நிம்மதிக்கு விலையே இல்லை.

படபடக்காத, உடலோடு ஒட்டிய ஜெர்ஸி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் பணமும் ஆசையும் இருந்தால் 40 முதல் 50 மி.மீ. ஆழமுள்ள சக்கரம் நல்ல தேர்வு. கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்கள் அதற்கு மேல் போக வேண்டாம், பக்கக்காற்று முன்சக்கரத்தைப் பிடுங்கும்.

எடை பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. பந்தய சைக்கிளுக்கு 6.8 கிலோவைக் குறைந்தபட்ச எடையாக வைத்திருக்கிறது. உங்களுடையது 9 கிலோ என்று வையுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, 200 வாட் பலம், 7 சதவீத ஏற்றத்தில் 10 கி.மீ. என்றால் சுமார் 51 நிமிடம் ஆகும். சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய அரை நிமிடம். அந்த ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எலக்ட்ரானிக் கியரை இப்போதுள்ள சைக்கிளில் தனியாக வாங்கிப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லீவர், டிரெய்லர்கள், பேட்டரி என்று சேரும்போது, அவை ஏற்கனவே பொருத்திய புது சைக்கிளின் விலையில் பெரும்பங்கு வந்துவிடும். செராமிக் பேரிங், பெரிய கப்பிகள், டைட்டானியம் நட்டு ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

அக்டோபர்: லொம்பார்தியாவும் செயினும்

இத்தாலிய ஏரிக்கரையில் நடக்கும் லொம்பார்தியாவை 'உதிரும் இலைகளின் பந்தயம்' என்பார்கள். 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டும் போகச்சாரே வென்றார். அங்கே பருவம் முடியும் அதே நேரத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. செயினுக்குக் கெட்ட காலம்.

முதலில் செயின் தேய்மானத்தைச் சின்ன அளவுகோல் கருவியால் பாருங்கள். 11, 12 ஸ்பீடு என்றால் 0.5 காட்டியதும் மாற்றிவிட வேண்டும், 10 ஸ்பீடும் அதற்குக் கீழும் என்றால் 0.75 வரை போகலாம். தேய்ந்த செயினைத் தள்ளிப்போட்டால் அது கேசட்டின் பற்களையும் தின்றுவிடும். செயினின் விலை எங்கே, கேசட்டின் விலை எங்கே!

பந்தய அணிகள் பரவலாக மெழுகுக்கு மாறிவிட்டன. உராய்வு குறைவு, அழுக்கு ஒட்டாது, கை கறுக்காது. புது செயினில் வரும் பிசுக்கை முழுதாகக் கழுவி எடுத்து, உலர்த்தி, உருகிய மெழுகில் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து மாட்டுவார்கள். மெழுகை நெருப்பில் நேரடியாக வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின்பாத்திரம் வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சொட்டு மெழுகு பாட்டிலில் கிடைக்கிறது, சுத்தமான செயினில் இரவு விட்டுக் காலையில் ஓட்டலாம். உலர்ந்த சாலையில் 300 கி.மீ. தாங்கும்.

மழையில் ஒருமுறை நனைந்தால் மெழுகு போய்விடும். அன்றே துடைத்து, உலர்த்தி, மறுபடி பூசவில்லை என்றால் மறுநாள் காலை செயினில் துருவின் சிவப்பு தெரியும். கடற்கரைக் காற்றில் இன்னும் சீக்கிரம். அதனால் நவம்பர், டிசம்பரில் மட்டும் நான் ஈரத்துக்கான எண்ணெய்க்குத் திரும்பிவிடுவேன். பொங்கலுக்கு அப்புறம் செயினைக் கழற்றிக் கழுவி, மறுபடி மெழுகு. அந்த வேலையோடு ஹேண்டில் கொண்டையின் பேரிங்கைத் திறந்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்து, கிரீஸ் வைத்து, பிரேக் பேடையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். சான் ரெமோவுக்கு அப்போது இரண்டு மாதம்தான் மிச்சம் இருக்கும்.